முதலில் நீலப் பென்சில்

கல்லூரி திறந்து இரண்டாவது வாரம், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பெண்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். குறுக்கே 7 கட்டம், நெடுக்கே 48. அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம். ஒரு வாரம் என்னென்ன செய்தாயோ அப்படியே எழுதிக்கொண்டு வா, எனக்காக அழகுபடுத்தாதே என்பேன். ஸ்பைக்ஸும் ட்ராக் சூட்டும் கிடைக்கும் என்று வந்தவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். பி.டி. மேம் என்றால் விசில் ஊதுவார், இவர் என்ன தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள்.

நான் திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். அதற்கு முன்பு 800 மீட்டர் ஓடியவள். நான் ஓடிய காலத்தில் மண் தளம்தான். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருப்பார்கள், நான்காவது ஆள் ஓடி முடிப்பதற்குள் முதல் லேனின் கோடு காணாமல் போயிருக்கும். எங்கள் மாஸ்டருக்கு ஒரே மந்திரம்: இன்னும் ஒரு ரவுண்டு. டைமிங் குறைந்தாலும் இன்னும் ஒரு ரவுண்டு, கூடினாலும் இன்னும் ஒரு ரவுண்டு. அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்த மந்திரத்தை நானும் பத்து வருடம் ஓதிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தாள்கள் ஒரு வாரத்தில் திரும்பி வரும். சிலதில் எண்ணெய்க் கறை, சிலதில் பஸ்ஸில் எழுதிய கோணல் எழுத்து. ஒன்றில் இப்படி இருந்தது: 3.50 எழுந்தது. 4.00 தண்ணீர் பிடித்தது. 4.20 தம்பிக்குச் சோறு வடித்து வைத்தது. 4.50 பஸ். 5.40 சத்திரம் பஸ் நிலையம், அடுத்த பஸ். 6.10 அண்ணா ஸ்டேடியம். 6.10 முதல் 7.40 வரை 'பிராக்டீஸ்' என்று ஒரே சொல். 8.30க்கு முதல் வகுப்பு. காலைச் சாப்பாடு என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. கேட்டால், "ரெண்டாவது அவர் முடிஞ்சு பிரேக்ல பப்ஸ் சாப்டுவேன் மேம்" என்றாள். அதாவது காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஓடத் தொடங்கிய பெண் பத்தரைக்கு ஒரு பப்ஸ் சாப்பிடுகிறாள். அந்த இடைவெளியில் அவளுக்கு நான் கொடுத்த வேலை 300 மீட்டர் ஆறு தடவை.

தாளைப் படித்ததும் வண்ணப் பென்சில்களை எடுப்பேன். தூக்கத்துக்கு நீலம், சாப்பாட்டுக்குப் பச்சை, பஸ்ஸுக்குப் பழுப்பு, வகுப்புக்கும் படிப்புக்கும் மஞ்சள், வீட்டு வேலைக்கு ஊதா. ஓட்டத்துக்குச் சிவப்பு. சிவப்பைக் கடைசியில்தான் தொடுவேன். நான் கற்ற வித்தை என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால் அந்த வரிசைதான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பயிற்சி முகாமும் இல்லை, லால்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு பாட்டி.

அந்தப் பாட்டியின் பேத்தி முதலாண்டிலேயே 800 மீட்டரை 2 நிமிடம் 14 விநாடியில் ஓடினாள். நீளமான கால், தளராத தோள், கடைசி 200 மீட்டரில் முகத்தைச் சுளிக்காத ஓட்டம். இப்படி ஒரு பிள்ளை பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் 2.15. செப்டம்பரில் 2.17. அக்டோபரில் பல்கலைக்கழக அளவிலான போட்டி நெருங்கியபோது 2.19. நான் என்ன செய்தேன்? இன்னும் ஒரு ரவுண்டு. காலையில் இருந்த பயிற்சியோடு மாலையிலும் சேர்த்தேன், ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடம் மணலில் ஓட வைத்தேன். மெதுவாகிவிட்டவளை வேகமாக்க வேறு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. மேம் சொன்னால் செய்கிற பெண்.

பத்து நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்றாள். ஷின் பெயின்தானே, ஐஸ் வை என்றேன். அடுத்த வாரம் படியேறும்போதே நொண்டினாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. எலும்பு விரிசலுக்கு முந்தைய நிலை, ஆறு வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். அவர் அவளிடம் கேட்ட ஒரு கேள்வியை ஒரு பெண்ணாக இருந்தும் நான் கேட்டிருக்கவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

"மூணு மாசமா வரலை. ஓடுறதுக்கு வசதியாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்" என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

அன்று மாலை அவளை வீட்டில் விடப் போனேன். பாட்டி திண்ணையில் இருந்தார். காப்பி கொடுத்தார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ரெக்கார்டு நோட்டுல படம் போடுது தாயி. விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் போவுது. நீங்க ஓட வைக்கிறீங்க, நல்லதுதான். எப்பத் தூங்க வைப்பீங்க?"

பதில் சொல்லத் தெரியாமல் காப்பியைக் குடித்து முடித்தேன். திரும்பும் வழியில்தான் கணக்குப் போட்டேன். பதினொன்றிலிருந்து நான்கு: ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு மேல்தான் நான் மாலைப் பயிற்சியை ஏற்றியிருந்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். சாப்பிடுவது குறைந்து செலவழிப்பது கூடும்போது உடம்பு எதையெல்லாம் நிறுத்தி வைக்கலாம் என்று பார்க்கும். உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகள் ஒவ்வொன்றாக நிற்கும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு தேயும். எலும்பு, மாதவிடாய், உணவு இந்த மூன்றும் சேர்ந்த சிக்கலை வீராங்கனைகளின் பிரச்சினையாக மட்டும் வெகுகாலம் பேசிவந்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு அதை விரித்து, ஆண்களுக்கும் பொருந்தும் ஆற்றல் பற்றாக்குறை என்று புதிய பெயர் வைத்தது. என் கல்லூரியில் அதற்குப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பத்தரை மணிப் பப்ஸ் என்றால் எங்களுக்குப் புரியும்.

இப்போது நான் அட்டவணை போடும் முறையைச் சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். முதலில் நீலம்: நாளுக்கு 8 வீதம் 56. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 11 பேரை சில வாரங்கள் நாளுக்குப் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்கள் ஓட்டம் வேகமானது, கூடையில் பந்து விழுவதும் கூடியது. வேறு பயிற்சி எதுவும் மாற்றவில்லை. பத்து மணி நேரம் தூங்கு என்று எங்கள் பெண்களிடம் சொன்னால் அவர்களுடைய அம்மாக்கள் சிரிப்பார்கள். எட்டே எங்களுக்குப் போராட்டம்தான்.

அந்தப் போராட்டத்தை அதிகாலையில்தான் நடத்த வேண்டியிருந்தது. காலை ஐந்தரைக்குப் பயிற்சி என்பது எங்கள் தொழிலில் ஒரு பக்தி மாதிரி. விடியலுக்கு முன் மைதானத்தில் நிற்காதவன் வீரனா என்று கேட்பார்கள். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் உடம்பின் கடிகாரமே பின்தங்கித்தான் ஓடுகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பார்கள், தூக்கம் வருவது பத்தரைக்கு. போன் இல்லாவிட்டாலும் அப்படித்தான், போன் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே படுக்கும் நேரத்தை முன்னால் இழுப்பதை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பின்னால் தள்ளினேன். திங்களும் வியாழனும் காலைப் பயிற்சியே கிடையாது. மற்ற நாள்களில் 6.15. இதைச் சொன்னபோது சக உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், "மேடம், பிள்ளைங்கள சோம்பேறி ஆக்குறீங்க" என்றார். ஆக்கினேன். அந்த வருடம் ஷின் பெயின் என்று வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அடுத்தது பச்சை. எங்களுக்கு மைதானத்தைவிட முட்டையில்தான் அதிக வெற்றி. பழைய மாணவிகள் சிலர் மாதாமாதம் பணம் போடுகிறார்கள். 12 பெண்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 2 முட்டை, மாதம் 26 நாள்: 624 முட்டை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். பயிற்சி முடிந்த கையோடு இரண்டு பூவன் பழமும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும். ஓடி முடித்ததும் தசைகள் தீர்ந்துபோன சர்க்கரையை வேகமாக நிரப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் கொடுப்பதும் மூன்று மணி நேரம் கழித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல, அதுவும் அன்று மாலையே மறுபடி ஓட வேண்டும் என்றால். திருச்சியில் வாழைப்பழத்துக்குப் பஞ்சமில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். முட்டை சாப்பிடாத வீட்டுப் பெண்களுக்குச் சுண்டல். ஒரு பெண் மட்டும் இரண்டு வருடம் முட்டையைத் தாளில் சுருட்டித் தம்பிக்குக் கொண்டுபோனாள். தெரிந்த பிறகு அவள் கணக்கில் நான்காக்கினோம்.

பழுப்புதான் என்னை மிகவும் சோதிப்பது. நாளுக்கு இரண்டரை மணி நேரம் பஸ் என்றால் வாரத்துக்கு 15 மணி நேரம். யாராலும் அதைக் குறைக்க முடியாது. விடுதி என்று சிலர் யோசனை சொல்வார்கள். விடுதிக் கட்டணம் கட்ட முடியாத வீடுகள் பாதி, பெண்ணை வெளியே தங்கவைக்கச் சம்மதிக்காத வீடுகள் மீதி. பஸ்ஸில் படிக்கலாமே என்பார்கள். நின்றுகொண்டு வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதா புத்தகத்தைப் பிடிப்பதா?

மஞ்சளில் இருக்கும் சிக்கல் வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் கல்லூரியில், தமிழ்நாட்டில் பல கலை அறிவியல் கல்லூரிகளைப் போலவே, கிழமைக் கணக்கு கிடையாது, டே ஆர்டர்தான். டே ஒன்றிலிருந்து டே ஆறு வரை சுற்றும். இடையில் ஒரு விடுமுறை வந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். பயிற்சியோ கிழமையில் ஓடுகிறது. செவ்வாய் கடினம், புதன் இலகு, வியாழன் வேகம், வெள்ளி இலகு, சனி கடினம். கடினமான பயிற்சிக்கும் அடுத்த கடினத்துக்கும் நடுவே 48 மணி நேரம் இருந்தால்தான் உடம்பு தேறும். ஆனால் வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு மூன்று மணி நேர லேப் டே நான்கில். டே நான்கு இந்த வாரம் புதன், அடுத்த வாரம் வியாழன். மூன்று மணி நேரம் பியூரெட் முன்னால் நின்றுவிட்டு வந்தவளை அன்று மாலை 400 மீட்டர் ரெப்பிட்டேஷன் ஓடச் சொன்னால் அந்தக் கால்கள் ஏற்கெனவே பாதி ஓடிவிட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வார டே ஆர்டரைப் பார்த்து ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சிவப்பை நகர்த்துவேன். பன்னிரண்டு தாள். ஒன்றரை மணி நேரம் ஆகும். வீட்டில் என் கணவர் இதைப் 'பல்லாங்குழி' என்பார்.

168லிருந்து தூக்கம் 56, வகுப்பு 25, பஸ் 15, பயிற்சி 16, வீட்டு வேலை 14, படிப்பு 14, சாப்பாடு குளியல் 14 என்று கழித்தால் மிச்சம் 14 மணி நேரம் வரும். ஆகா என்று தோன்றும். அந்தப் பதினான்கும் முழு நோட்டாக இருப்பதில்லை, சில்லறையாக இருக்கிறது. பஸ் வரும்வரை பத்து நிமிடம், மழைக்கு ஒதுங்கி இருபது, கேன்டீன் வரிசையில் கால் மணி. சில்லறையில் ஒரு பாடமும் படிக்க முடியாது.

படிப்புக்கென்று இருந்த 14 மணி நேரத்தையும் நான் தப்பான இடத்தில் வைத்திருந்தேன். மாலைப் பயிற்சி, பஸ், இரவுச் சாப்பாடு, அப்புறம் படிப்பு. காகிதத்தில் அழகாக இருந்தது. எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் திறந்து எட்டே முக்காலுக்கு அதன் மேலேயே தலை சாய்ந்துவிடும். கண் சொக்கிய நேரத்தில் பாடம் ஏறாது, ஆனால் படித்தோம் என்ற நினைப்பு மட்டும் இருக்கும். இப்போது காலை 7.30லிருந்து 8.20 வரை விளையாட்டு அறையைப் படிப்பறை ஆக்கிவிட்டோம். பயிற்சி முடிந்து வந்து குளியலுக்கு ஒரு குழாய், இரண்டு வாளி, பிறகு முட்டை, பிறகு புத்தகம். ஈட்டிகளும் தடை ஓட்டச் சட்டங்களும் சாய்த்து வைத்த அறையில் தரையில் உட்கார்ந்து படிப்பார்கள். குளித்து வயிறு நிறைந்த அந்த ஐம்பது நிமிடத்தில் ஏறுவது இரவு இரண்டு மணி நேரத்தில் ஏறுவதில்லை. கணிதம் படிக்கும் மூன்றாமாண்டுப் பெண் முதலாண்டுக்காரிகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். நான் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டேன். வாய் திறந்தால் ஓட்டத்தைப் பற்றித்தான் வரும்.

இனிச் சிவப்பு. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருத்தியும் ஒரு எண் சொல்ல வேண்டும். இன்றைய வேலை எவ்வளவு கடினம், பத்துக்கு எத்தனை? அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி நோட்டில் எழுதுவேன். 70 நிமிடம், கடினம் 7 என்றால் 490. இது கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் பரவலாக்கிய முறை. செலவில்லை, கருவியில்லை, பொய் சொல்லாத பெண்கள் இருந்தால் போதும். பொய் சொல்லாமல் இருக்கப் பழக்குவதற்கு முதல் செமஸ்டர் முழுக்க ஆகும். ஆரம்பத்தில் எல்லாருமே "அஞ்சு மேம்" என்பார்கள். ஐந்து என்றால் அடக்கம், ஆறு என்றால் குறை சொல்வது என்று ஒரு நினைப்பு. "ஒன்பது மேம், செத்துட்டேன்" என்று முதல் ஆள் சொல்லி, நான் திட்டாமல் எழுதிக்கொண்ட அன்றுதான் நோட்டு உண்மை பேசத் தொடங்கும்.

அந்த நோட்டில் வருடா வருடம் ஒன்றைப் பார்க்கிறேன். 300 மீட்டர் ஆறு தடவை, நடுவே நான்கு நிமிடம் ஓய்வு. ஆகஸ்டில் இதற்கு ஆறு என்பவள், இன்டர்னல் தேர்வு வாரத்தில் அதே வேலைக்கு, அதே டைமிங்குக்கு, எட்டரை என்பாள். ஓடிய தூரம் கூடவில்லை, வெயில் கூடவில்லை. இரவில் இரண்டு யூனிட் படித்தது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். படித்த களைப்பும் ஓடிய களைப்பும் உடம்பில் ஒரே கணக்கில்தான் பற்று வைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் 101 பேரைக் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வும் தேர்வு வாரங்களில் காயம் கூடுவதாகச் சொன்னது. எங்களிடம் தேர்வு வாரத்தில் கடினப் பயிற்சி ஒன்றே ஒன்று, அதுவும் பாதி. மற்ற நாளில் இருபது நிமிட மெல்லோட்டம், நான்கு ஸ்ட்ரைட்ஸ், வீட்டுக்குப் போ. ஓடாமலே இருந்தால் இன்னும் பதறுவார்கள், அதற்காகத்தான் அந்த இருபது நிமிடமும்.

வருகைப்பதிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மாணவிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள், தேர்வெழுத 75 விழுக்காடு வேண்டும். போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி, கிடைக்கும், ஆனால் கடிதம், கையெழுத்து, துறைத்தலைவர், மறுபடி கையெழுத்து. ஓடினால் பதக்கம், ஓடி ஓடிக் கேட்டால் ஓ.டி. என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஓ.டி. வருகையைத்தான் தரும், நடந்த பாடத்தைத் தராது. மூடபித்ரியில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனபோது மங்களூர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம். மேல் பெர்த்தில் இரண்டு பெண்கள் ரெக்கார்டு நோட்டில் தவளையின் செரிமான மண்டலத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். ரயில் குலுங்கும்போதெல்லாம் குடல் கோணலாகப் போகும். அந்த நோட்டைத் திருத்திய ஆசிரியை, படத்துக்கு நேரே பென்சிலில் 'ரயிலா?' என்று எழுதிவிட்டு முழு மதிப்பெண் போட்டிருந்தார். அவரைப் போல இன்னும் நான்கு பேர் துறைக்கொருவர் இருந்தால் என் வேலை பாதியாகிவிடும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1991 முதல் இதற்கொரு வரம்பு வைத்திருக்கிறது: போட்டிக் காலத்தில் நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. முதலில் படித்தபோது பொறாமையாக இருந்தது. பிறகு விதியின் உள்ளே போய்ப் பார்த்தேன். பயணம் கணக்கில் வராது. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே எழுதுவார்கள். மாணவர்களிடமே கேட்டால் முப்பதுக்கு மேல் சொல்கிறார்கள். அங்கேயும் பழுப்புப் பென்சிலை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் போட்டி நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? காலை 7 மணிக்கு அணிவகுப்பு, பதினொன்றுக்கு முதல் சுற்று, தலைவர் வரத் தாமதம், மூன்றரைக்கு இறுதி. இரண்டேகால் நிமிட ஓட்டத்துக்கு எட்டரை மணி நேரம் வெயிலில் காத்திருப்பது. காத்திருப்பதற்கும் பயிற்சி வேண்டும். நிழல் பார்த்துப் படு, காலைச் சுவரில் உயர்த்தி வை, அரை மணிக்கொரு வாய் உப்புச் சர்க்கரைத் தண்ணீர், போனைப் பையில் போடு. இதையும் அட்டவணையில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

பெற்றோர் கேட்பது வேறு. "ஓடினா வேலை கெடைக்குமா மேடம்?" நியாயமான கேள்வி. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்கு ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் ஆரோக்கிய ராஜீவும் சுபா வெங்கடேசனும் திருச்சிப் பக்கம், ரேவதி வீரமணி மதுரை. ராஜீவுக்கு ராணுவம், ரேவதிக்கு ரயில்வே என்று சொல்வேன். அப்பாக்களின் முகம் மலரும். உடனே இன்னொன்றையும் சொல்லிவிடுவேன்: அந்த இடத்துக்குப் போகாதவர்கள்தான் அதிகம், அதனால் டிகிரியை முடிக்க வைப்பதும் என் வேலை. முதல் வாக்கியத்துக்குத் தலையாட்டிய அளவு இரண்டாவதுக்கு ஆட்ட மாட்டார்கள்.

லால்குடிப் பெண் ஆறு வாரம் ஓடவில்லை, அந்த வருடப் போட்டி போயிற்று. நான் அவளை ஸ்டாப் வாட்ச் பிடிக்க வைத்தேன், தூங்க வைத்தேன், சாப்பிட வைத்தேன். பிப்ரவரியில் மாதவிடாய் திரும்பியதை என் காதருகே வந்து சொன்னாள். பதக்கம் வாங்கியபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மூன்றாம் ஆண்டில் 2.13 ஓடினாள். அதற்குக் கீழே போகவில்லை. அந்த ஆறு வாரமும் அதற்கு முந்தைய மூன்று மாதமும் வீணாகாமல் இருந்திருந்தால் போயிருப்பாளா என்று இப்போதும் சில இரவுகளில் கணக்குப் போடுவேன். விடை வந்ததில்லை. அவள் இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. போன மாதம் போன் செய்து, "மேம், அந்த நாப்பத்தெட்டுக் கட்டத் தாள் ஒண்ணு வாட்ஸப்ல அனுப்புங்க" என்றாள்.

இந்த வருடம் எனக்கு முன்னால் இருக்கும் சிக்கல் துறையூர்ப் பக்கத்துப் பெண். 400 மீட்டர். சுயநிதிப் பிரிவு, இரண்டாவது ஷிஃப்ட், வகுப்பு பகல் இரண்டிலிருந்து ஆறரை வரை. மாலைப் பயிற்சிக்கு வழியே இல்லை. காலையில் வரலாம் என்றால் அவள் வீட்டில் இரண்டு கறவை மாடு, அம்மாவுக்கு இடுப்பு வலி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும். ஸ்டேடியம் வந்து சேர ஒன்பதரை ஆகும், பத்து மணி வெயிலில் வேகப் பயிற்சி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரிலேயே ஏரிக்கரையில் ஓடலாம், ஆனால் தனியாக ஓடும் பெண்ணுக்கு யார் நேரம் பிடிப்பது, யார் துணைக்கு நிற்பது? அவள் சித்தப்பாவிடம் பேசியிருக்கிறேன். அவர் கபடி ஆடியவராம், வாரத்தில் இரண்டு நாள் கரையில் நிற்கிறேன் என்றிருக்கிறார். செவ்வாயும் சனியும் நிரம்பிவிட்டன. சாயங்காலக் கறவைக்கு அவள் அண்ணி ஒப்புக்கொண்டால் ஞாயிறு முழு ஓய்வு. வியாழக்கிழமைக் கட்டம்தான் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. தாள் மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் சீவி வைத்த சிவப்புப் பென்சில்.